வெளிவராத பாட்டைப் பாடியவள்

அந்த வருஷம் எங்கள் ஃபேக்டரியில் பாட்டு முணுமுணுப்பது குற்றம். சுவரில் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் முணுமுணுக்கக் கூடாது, குழாயடியில் கூடாது, வீட்டில் துணி மடிக்கும்போதுகூடக் கூடாது. மீறினால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்கு நன்றாகவே சிவந்திருந்தது.

ஸ்ரீபெரும்புதூர், 1991 என்று சொன்னவுடன் கேட்பவர்களுக்கு முகம் மாறிவிடும். மே மாசம் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதைச் சொல்ல எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் நடந்தது. ஊர் உலகத்துக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அந்த வருஷம் என்றால் இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பெங்களூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது ஃபேக்டரி. கேசட் தயாரிக்கிற இடம். சென்னைப் பாட்டுக் கம்பெனிகள் தங்கள் புது ஆல்பத்தை ஒரு பெரிய டேப்பில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மெஷினில் அது நகல் நகலாக ஓடி, சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுற்றி, ஸ்க்ரூ முடுக்கி, எங்கள் மேஜைக்கு வரும். நாங்கள் செக்கிங். காதில் ஹெட்போன், முன்னால் ஒரு டேப் ரிக்கார்டர். கேசட்டைப் போட்டு ஆரம்பத்தைக் கொஞ்சம் கேட்க வேண்டும். பிறகு கடகடவென்று ஓட்டி, கடைசியைக் கொஞ்சம் கேட்க வேண்டும். திருப்பிப் போட்டு மறு பக்கமும் அப்படியே. இரைச்சல் இல்லை, இழுவை இல்லை என்றால் பாஸ்.

ஆகவே தமிழ்நாட்டில் வெளிவந்த புதுப் பாட்டுகளை எல்லாருக்கும் முன்னால் கேட்டவர்கள் நாங்கள்தான். முழுசாகக் கேட்காதவர்களும் நாங்கள்தான். முதல் பாட்டின் பல்லவி தெரியும். கடைசிப் பாட்டின் முடிவு தெரியும். நடுவில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள், எதுவும் தெரியாது. நாள் முழுக்க இப்படியே கேட்டுக் கேட்டு, முதல் பாட்டின் தலையும் கடைசிப் பாட்டின் வாலும் எங்கள் காதுக்குள் ஒட்டிக்கொண்டு ஒரே பாட்டாகிவிடும். ரிலீஸ் ஆன பிறகு டீக்கடையில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டால், யாரோ அதன் வாலை வெட்டி வேறு வாலை ஒட்டிவிட்டது போல எரிச்சலாக இருக்கும்.

எனக்கு அப்போது எதுவும் சுலபத்தில் பிடிக்காது. சினிமாப் பாட்டு எல்லாம் முதல் அடியிலேயே ஆளை மயக்கப் பார்க்கிறது என்று ஒரு கோபம். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி வயலின்களை அள்ளித் தெளிப்பார்கள். பொங்கலுக்கு வந்த ஒரு படத்தின் பாட்டை ஊரே புதுசு புதுசு என்று ஆடியபோது, எனக்கு அது பழைய சோறு. மார்கழி முழுக்க அதைக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. அம்மன் பாட்டு ஆல்பங்கள் பரவாயில்லை. ஒன்றில் மேளமே இல்லாமல் ஒரு பொம்பளையின் குரல் மட்டும் எழுந்து வந்து ஆத்தா என்று கூப்பிடும். செக்கிங் சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்கு மயிர்க்கூச்செறியும். தர்கா பாட்டு கேசட் ஒன்று வந்தது, அடித்தொண்டைக் குரல், தஃப் மேளச் சத்தம். அதை மட்டும் கொஞ்ச நேரம் கூடக் கேட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். ஒரு பையன் கிட்டாரும் மெஷின் தாளமும் வைத்துத் தமிழில் இங்கிலீஷ் பாணி ஆல்பம் போட்டிருந்தான். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம், அதற்கு நடுவில் அவன் காதலிக்காக அழுகை. அது ஓடாது என்று சொன்னேன், ஓடவில்லை. அதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம்.

கச்சேரி கேசட்டில்தான் மானம் போனது. போட்டால் ம்ம்ம் என்று ஒரே ரீங்காரம். பாட்டைக் காணோம். என் பக்கத்து சீட்டுக்காரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் தோளைத் தட்டினாள்.

"இன்னாடி இது, கரண்டு இரைச்சலு கீது. பாட்டே ஆரம்பிக்கலையே?"

நானும் கேட்டேன். கரண்டு இரைச்சல்தான். ரெண்டு பேரும் சேர்ந்து ட்ரே ட்ரேயாக ரிஜெக்ட்டில் தள்ளினோம். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அது தம்புராவாம். அதற்குப் பிறகு எங்கள் ரெண்டு பேருக்கும் தம்புரா என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஊருக்கு நடுவில் ஓடு போட்ட ஒரு கோயில், அதாவது சர்ச். அவர்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அங்கே பாடகர் குழுவுக்கு அவள்தான் முன்பாட்டு. நான் வேற சாமி கும்பிடுகிற வீடு. ரெண்டு பேரும் ஒரே பஸ், ஒரே மேஜை, ஒரே ஊறுகாய். என் வாய் ஓயாது. அவள் பேசவே மாட்டாள், ஆனால் நாள் முழுக்க உள்ளுக்குள் பாடிக்கொண்டிருப்பாள். உதடு அசையாது, தொண்டைக்குழி மட்டும் ஏறி இறங்கும்.

அவளுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை படிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று ஆயர், அதாவது பாதிரியார், சபை நடுவில் நின்று வாசிப்பார். அந்த நேரத்தில் யாராவது எழுந்து ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று கல்யாணப் பெண்களுக்கு ஒரு பயம் இருக்கும். அவளுக்கு அது கொஞ்சம் கூடவே இருந்தது.

முணுமுணுக்கக் கூடாது என்ற சட்டம் எப்படி வந்தது என்றால், அதற்கு முந்தின மாசம் ஒரு சினிமா ஆல்பம் ரிலீஸுக்கு முன்னாலேயே சென்னை பஜாரில் திருட்டு கேசட்டாக வந்துவிட்டது. ஸ்டுடியோவில் போனதா, எங்களிடம் போனதா, வழியில் போனதா, யாருக்கும் தெரியாது. பழி எங்கள் தலையில். கேட்டில் ஒரு பொம்பளையை உட்கார வைத்துப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். தலையில் கொண்டை போட்டிருந்தால் அதையும் அமுக்கிப் பார்த்தார்கள். அடுத்து யார் மாட்டினாலும் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான், பேரை கேட்டில் எழுதி மாட்டுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பேர் மாட்டிவிட்டால் இந்த ரோட்டில் வேறு எந்த கம்பெனியும் வேலைக்கு எடுக்காது. ஒன்றும் எடுக்காத நானே தினமும் வெளியே வருமுன் என் பையை ஒரு தரம் திறந்து பார்த்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கிறிஸ்தவப் பாட்டு ஆல்பம் ஒன்று வந்தது. ஈஸ்டருக்கு வெளியிட வேண்டியது. முதல் பாட்டு, கல்லறைக் கல் புரண்டுவிட்டது என்று தொடங்கும். எனக்கு எதுவும் சுலபத்தில் பிடிக்காது என்று சொன்னேனே, அந்தப் பல்லவி எனக்கே பிடித்தது. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு வெயிலைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் அந்த மெட்டு. பக்கத்தில் அவளைப் பார்த்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கேசட்டை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கையால் இடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியதும் என் காதருகே வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"நேத்து கோயில்ல புதுப் பாட்டு எடுத்தோம். எல்லாரும் அழுதுட்டாங்க தெரியுமா? ஆயர் ரெண்டாவது தபா பாடச் சொன்னாரு."

"எந்தப் பாட்டு?"

அவள் பல்லவியை எடுத்தாள். நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். முன் சீட்டில் ஃபேக்டரி ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் திரும்பவில்லை.

"பைத்தியமாடி நீ? அது இன்னும் வெளிய வரலை. வேலைய விட்டுத் தூக்கினா இன்னா பண்ணுவ?"

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் இன்னா டப்பாலயா வச்சி எடுத்துக்கினு போனேன்? காதுல வந்துச்சி, வாயில போச்சி. சாமி பாட்டுதான?"

சாமி பாட்டானால் என்ன, சினிமாப் பாட்டானால் என்ன, ரிலீஸ் தேதிக்கு முன்னால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்த பூரிப்பு மெதுவாக வடிந்தது. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆபீஸ் பக்கமிருந்து யார் வந்தாலும் எங்களுக்குத்தான் வருகிறார்கள் என்று தோன்றும். சூப்பர்வைசர் இருமினால்கூட அவள் ஹெட்போனைக் கழற்றிவிடுவாள். நான் வெளியில் தைரியம் சொன்னேன். ஒரு ஊர்க் கோயிலில் நாற்பது வீட்டு ஜனம் பாடினது சென்னைக்குப் போய்ச் சேருமா என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அதில் நம்பிக்கை வந்தது.

சென்னை போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சென்னையே இங்கே வந்தது. அந்த ஆல்பத்தைப் போட்டவர் ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய், ஈஸ்டருக்கு கேசட் வேண்டுமா என்று கேட்டு வந்திருக்கிறார். ஆயர் கேட்டாரென்று அடுத்த ஞாயிறும் அதே பாட்டை எடுத்திருக்கிறார்கள். கேசட்டுக்காரர் அவள் ஊர்க் கோயில் படியில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து அவருடைய வெளிவராத பாட்டை ஒரு சபையே பாடிக்கொண்டிருக்கிறது. பல்லவியைக் கேட்டதுமே மனுஷனுக்குக் கண் இருட்டிவிட்டதாம். மேற்கொண்டு ஒரு வரி கேட்க நிற்காமல், வெளியே நின்றவர்களிடம் இந்தப் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்திருக்கிறார். எங்க பொண்ணுதாங்க, கேசட்டு ஃபேக்டரியில வேலை செய்யுதுங்க என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நானும் எழுந்தேன்.

"உன்னக் கூப்புடலையே," என்றார் சூப்பர்வைசர்.

"பக்கத்து சீட்டு சார்," என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உள்ளே விட்டுவிட்டார்.

மேனேஜர் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றோம். மேனேஜருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அழுதவர் கண் மாதிரி இருந்தது அவர் கண். மேஜையில் டெலிபோன் மேனேஜரின் கைப்பக்கம் நகர்ந்து வந்திருந்தது.

"ஏம்மா, கேசட்ட எப்ப எடுத்த, யாருகிட்ட குடுத்த, ரெண்டே கேள்விதான்," என்றார் மேனேஜர். "சொல்லிட்டேன்னா வேலை மட்டும்தான் போகும். இல்லேன்னா ஸ்டேஷன்ல சொல்லு."

"எடுக்கலை சார்."

"எடுக்காம எப்படி? பாட்டு உங்க சர்ச்சுக்கு நடந்து போச்சா?"

அவள் பதில் சொல்வதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் குறுக்கே வந்தார். "ஒன்றரை வருஷ உழைப்பு சார் இது. ஒவ்வொரு வரியும் உட்கார்ந்து உட்கார்ந்து பண்ணது. இவங்க ஒரு சபைக்கு குடுத்துட்டா நாளைக்கு பத்து சபை. அப்புறம் என் கேசட்ட யார் வாங்குவா?" அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் அதிகமானது.

மேனேஜர் டெலிபோனை எடுத்தார். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷன் பயம்கூட இல்லை. ஆயர் ஓலையைக் கையில் எடுப்பார், சபையில் யாரோ ஒருவர் எழுந்து நின்று, இந்தப் பெண் திருடி என்று சொல்வார்.

"சார், எங்களுக்குப் பல்லவி மட்டும்தான் சார் தெரியும்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "தலையும் வாலும் கேட்டுட்டு பாஸ் பண்றோம். நடுவுல இன்னா கீதுன்னு சத்தியமா தெரியாது. அவளப் பாடச் சொல்லுங்க. கேசட்டு வூட்ல இருந்தா நடுவுலயும் பாடுவா. இல்லேன்னா பல்லவியோட நின்னுடும்."

மேனேஜர் டெலிபோனை வைக்கவில்லை, எண்ணைச் சுழற்றவும் இல்லை. "பாடு," என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏசி அறையில் பல்லவி எழுந்தது. முதலில் நடுங்கி, பிறகு நேராகி. வெள்ளைச் சட்டைக்காரர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்தது. இங்கே நின்றுவிடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் நிற்கவில்லை. சரணத்துக்குப் போய்விட்டாள்.

ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை அவள். விடியுமுன்னே பெண்கள் எழுந்தார், கட்டுச்சோறு கட்டினார், கல்லை யார் தள்ளுவார் என்று கலங்கிக் கலங்கி நடந்தார் என்று மெட்டோடு, மூச்சோடு, முழுச் சரணமும் வந்தது. பாவி மகள் நிஜமாகவே எடுத்துவிட்டாளா? நானே சொல்லிக் கொடுத்து அவள் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டேனா? அந்த ரெண்டு மூன்று வரிக்குள் எனக்கு எல்லாமே ஓடியது. அவளை உலுக்கி நிறுத்தலாமா என்றுகூடக் கை போனது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்தது.

அவள் பாடி முடித்தாள். முடிவில் ஒரு அல்லேலூயா, நாலு தரம், ஒவ்வொன்றும் மேலே மேலே ஏறி. எங்கள் மேஜையில் தினமும் கேட்ட அதே வால்.

"பார்த்தீங்களா," என்றார் மேனேஜர்.

வெள்ளைச் சட்டைக்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"கட்டுச்சோறா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்படி ஒரு வார்த்தையே என் பாட்டுல இல்லையே. வேதத்துல கல்லறைக்குப் போன ஸ்திரீகள் இயேசுவோட உடம்புக்குப் பூச கந்தவர்க்கம்தான கொண்டு போனாங்க?"

அவள் கண்ணைத் திறந்தாள். கேள்வி புரியாத மாதிரி விழித்தாள். "வெடியகாத்தால போற பொம்பளைங்க சோறு கட்டிக்காம எப்படிங்க போவாங்க?"

அவரே எழுந்து போய், ஓரத்து அலமாரி மேல் இருந்த டேப் ரிக்கார்டரில் தன் கேசட்டைப் போட்டார். முதல் பாட்டு முழுசாக ஓடியது. ரிலீஸ் ஆகாத ஒரு பாட்டை நான் தலை முதல் கால் வரை கேட்டது அன்றைக்குத்தான். பல்லவி அதேதான். சரணம் வேறு. எக்காளம், சேனை, மகிமை, சிங்காசனம் என்று பெரிய பெரிய வார்த்தைகள், பின்னால் பத்துப் பேர் கோரஸ். நல்ல சரணம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதில் நடக்கிற ஆள் யாரும் இல்லை. அவள் சரணத்தில் நடந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க, டார்ச் கூட இல்லாமல், வரப்பு மேலே ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நாங்கள்தான் நடந்தோம்.

பாட்டு முடிந்தது. முடிவில் அல்லேலூயாவும் இல்லை. அவர் வேகமாக ஓட்டி, அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டின் முடிவைப் போட்டார். நாலு அல்லேலூயா, மேலே மேலே ஏறி.

"இது வேற பாட்டோட முடிவு சார்," என்றார் மேனேஜரிடம். மெதுவாகத்தான் சொன்னார். "கேசட்ட வச்சிருக்கிறவங்க யாரும் இத அதோட ஒட்ட மாட்டாங்க."

"நடுவுல பாடினது?" என்று மேனேஜர் அவளைக் கேட்டார்.

"பல்லவி மட்டும் வச்சிக்கினு சபையில எப்படி சார் பாடறது? அதான் நானே..." என்று இழுத்தாள். "தப்பா சார்?"

எனக்கு அந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அவள் திருடி இல்லை. நான் கூட அவளைச் சந்தேகப்பட்டதை அவள் பார்க்கவில்லை, அது வேறு ஒரு நிம்மதி.

மேனேஜர் டெலிபோனைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். ஆனால் அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பையைச் சோதிக்கலாம், டப்பாவைச் சோதிக்கலாம், வாயை எதை வைத்துச் சோதிப்பது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். திருட்டு இல்லை, ஸ்டேஷன் இல்லை, பேர் கேட்டில் வராது. ஆனால் இனி செக்கிங் கிடையாது, ஸ்க்ரூ முடுக்குகிற மேஜைக்குப் போக வேண்டும். அங்கே ஹெட்போன் இல்லை. இன்னொன்று, இங்கே கேட்ட எந்தப் பாட்டும் வெளியில் அவள் வாயில் வரக் கூடாது. வந்ததாக யாராவது ஒருத்தர் சொன்னால்கூட அன்றைக்கே வெளியே.

"கோயில்லயும் கூடாதா சார்?" என்று கேட்டாள்.

"எங்கயும் கூடாது."

"சரிங்க சார்," என்றாள். கும்பிட்டாள். வெள்ளைச் சட்டைக்காரரையும் கும்பிட்டாள்.

அன்றையிலிருந்து என் பக்கத்து சீட்டில் வேறு ஒருத்தி. அவள் ஹாலின் அந்தக் கோடியில், ஸ்க்ரூ மெஷின் சத்தத்துக்கு நடுவில், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் நான் ஏதாவது சினிமாப் பாட்டை வேண்டுமென்றே எடுப்பேன், அவளைச் சீண்டுவதற்காக. கையை என் வாய் மேல் வைத்துவிடுவாள். அவள் தொண்டைக்குழி ஏறி இறங்குவதே நின்றுவிட்டது. எனக்கு அந்த மேனேஜர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் சம்பளம் வாங்குகிற ஆத்திரம் எவ்வளவு தூரம் போகும்? இட்லி வேகிற நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஈஸ்டர் அன்று காலை என்னைக் கோயிலுக்கு வரச் சொன்னாள். அன்றைக்குத்தான் முதல் ஓலை. தனியாக இருக்கப் பயமாயிருக்கு என்றாள். அவள் ஆட்களெல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள், ஆனாலும் தனியாக என்றுதான் சொன்னாள். நான் குளித்து, பூ வைத்து, பொட்டை மட்டும் கொஞ்சம் சின்னதாக வைத்துக்கொண்டு போனேன்.

ஆராதனை நன்றாகத்தான் போனது. ஆயர் ஓலையை வாசித்தபோது நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது எழுந்தால் கண்ணாலேயே உட்கார வைத்துவிடுவது என்ற தீர்மானத்தில் இருந்தேன். ஒருத்தரும் எழவில்லை. பாடகர் வரிசையில் வெள்ளைப் புடவையில் நின்றிருந்தவளின் தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் வந்தார். கேசட் அன்றைக்கு ரிலீஸ். வாசலில் மேஜை போட்டு அடுக்கியிருந்தார். ஆயரிடம் உத்தரவு வாங்கி, மைக் செட்டில் முதல் பாட்டைப் போடச் சொன்னார்.

பல்லவி வந்ததும் சபைக்கு ஒரே குஷி. நம்ம பாட்டு, நம்ம பாட்டு என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, ஸ்பீக்கரோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். சரணம் வந்தது. ஸ்பீக்கரில் எக்காளமும் சிங்காசனமும். சபையில் கட்டுச்சோறு. ரெண்டும் முட்டிக்கொண்டன. யாரும் விட்டுக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "கேசட்டுக்காரன் தப்பு தப்பா பாடிக்கினு கீறான்பா," என்று வருத்தப்பட்டார். இன்னும் சத்தமாகப் பாடினார்கள். மைக் செட்டுக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்திவிட்டார்.

சபை மட்டும் பாடியது. பாடிக்கொண்டே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முடிவுக்கு அவள்தான் தூக்கிக் கொடுப்பாள், அது பழக்கம். அவள் வாய் திறக்கவில்லை. ரெண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, உதட்டை உள்பக்கமாக மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சபை கொஞ்சம் தடுமாறி, தானாகவே அல்லேலூயாவைப் பிடித்துக்கொண்டது. திரும்பவும் பல்லவிக்குப் போனது.

வெள்ளைச் சட்டைக்காரர் அவள் அருகே போனார். கோபமாகப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன். அவர் குனிந்து, "பாடும்மா. நானே சொல்றேன், பாடு," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். முடியாது என்று.

"பாட்டு என்னுது. ரிலீஸும் ஆயிடுச்சு. இனிமே யார் கேக்கப் போறாங்க?"

அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, உதடு மட்டும் பிரியவில்லை. சுற்றிலும் அவள் ஊரே அவளுடைய சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அவர் பிறகு வாசலுக்குத் திரும்பிப் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கைகொடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஓலை வாசிக்கப்பட்ட பெண் என்று ஆளாளுக்கு அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் வாயே தொறக்கல, நீ பாத்த இல்ல?" என்றாள். "ஃபேக்டரில யாராவது கேட்டா சொல்லுவியா?"

"சொல்றேன்," என்றேன்.